ஜிஃபோர்ட்ரானின் ‘இன்டென்ட் அவுட்’ எச்சரிக்கை: எவ்வளவு நம்பலாம்?

ஃபோர்ட்ரான் மொழியில் ஒரு ஆர்குமென்ட்டை ‘இன்டென்ட் அவுட்’ என்று அறிவித்தால், அதற்கு மதிப்பு கொடுப்பது சப்ரூட்டீனின் வேலை. அப்படி அறிவித்த ஆர்குமென்ட்டைச் சப்ரூட்டீனுக்குள் ஒரு இடத்தில்கூடத் தொடாவிட்டால், எச்சரிக்கைகளை இயக்கும் ‘டபிள்யூ-ஆல்’ ஆப்ஷன் போட்டுக் கம்பைல் செய்யும்போது ஜிஃபோர்ட்ரான் கம்பைலர் பெயரோடும் வரி எண்ணோடும் சுட்டிக்காட்டிவிடும். அதுவரை நல்ல வேலை.

ஆனால் அது பார்ப்பது அந்தப் பெயர் எங்காவது வருகிறதா என்பதை மட்டுமே. எல்லா வழியிலும் மதிப்பு கிடைக்கிறதா என்று பார்ப்பதில்லை. மேட்ரிக்ஸ் சிங்குலராக (நேர்மாறு இல்லாததாக) இருந்தால் மட்டும் ‘ஐஎர்’ என்ற பிழைக்குறியீட்டு ஆர்குமென்ட்டுக்கு 1 கொடுத்துவிட்டு, சரியாக முடிந்தால் 0 கொடுக்க மறந்த ரூட்டீன் எச்சரிக்கையே இல்லாமல் தாண்டிவிடும். இதுதான் ஆபத்தான வகை. உள்ளே நுழைந்ததும் அந்த ஆர்குமென்ட்டின் மதிப்பு வரையறையற்றதாகிறது என்பது ஃபோர்ட்ரான் விதி. நடைமுறையில் அழைத்தவரிடம் இருந்த பழைய 0 அப்படியே தங்கிவிடும், டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆகும். ஆப்டிமைசேஷனைக் கூட்டினால் அந்தப் பழைய 0 தங்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. சி ஷார்ப்பில் இதே கோடு கம்பைலே ஆகாது, சிஎஸ்0177 என்று பிழை வரும்.

இன்னொரு குறை எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுகிறது. இந்த எச்சரிக்கைக்குத் தனி ஆப்ஷன் கிடையாது. ‘அன்யூஸ்டு டம்மி ஆர்குமென்ட்’ என்ற ஆப்ஷனுக்குள்ளேயே இதுவும் அடக்கம். வேறொரு ரூட்டீன் அழைப்பதற்காக நாம் எழுதிக்கொடுக்கும் கால்பேக் ரூட்டீன்களில் பயன்படாத ஆர்குமென்ட் சகஜம் என்பதால் பலர் அதை மொத்தமாக அணைத்துவிடுகிறார்கள், இதுவும் சேர்ந்து அணைந்துவிடுகிறது. அணைப்பதானால் கால்பேக் இருக்கும் ஃபைலுக்கு மட்டும் அணையுங்கள். இன்டெல் கம்பைலரில் இதற்கென்றே 6843 என்ற எண் இருப்பதால் தனியாகக் கையாளலாம்.

கோடு எழுதும்போதே ஒரு காப்பு உண்டு: முதல் வரியிலேயே ‘ஐஎர்’ருக்கு -1 கொடுங்கள், வேலை முழுதாக முடிந்த பிறகு கடைசியில் 0. முதலிலேயே 0 போட்டால் பாதியில் திரும்பிய ரூட்டீனும் வெற்றி என்றே சொல்லும். ஆப்ஷனல் ஆர்குமென்ட் என்றால் அதை அழைத்தவர் கொடுத்திருக்கிறாரா என்று ‘பிரசென்ட்’ மூலம் பார்த்த பிறகே எழுத வேண்டும்.

ரியல் மாறிகளுக்கு, ஆப்டிமைசேஷன் இல்லாத டிபக் பில்டில் மாறிகளுக்குத் தொடக்க மதிப்பு நிரப்பும் ‘எஃப்-இனிட்-ரியல்’ ஆப்ஷனுக்கு ‘சிக்னலிங் NaN’ (எண் அல்லாத, பயன்படுத்தினால் பிழை எழுப்பும் மதிப்பு) கொடுத்து, கணக்குப் பிழையில் புரோகிராமை நிறுத்தும் ‘எஃப்எஃப்பிஇ-ட்ராப்’பில் இன்வேலிட் சேருங்கள். நிரப்பப்படாத மதிப்பை வைத்துக் கணக்குப் போட்ட வரியிலேயே புரோகிராம் நிற்கும். ஓடும்போது இடம் ஒதுக்கப்படும் அலோகேட்டபிள் அரேக்களை ‘எஃப்-இனிட்-ரியல்’ தொடாது. அவற்றுக்கு, நினைவகப் பிழைகளைக் கண்டுபிடிக்கும் வால்கிரைண்ட் கருவியில் ஓட்டிப் பார்க்கலாம்.