ஹாலண்டின் 36, கேனின் 30: எது பாரமான எண்?

கல்லடிப் பாலம் தாண்டியதும் இருக்கும் தேத்தண்ணிக் கடையில் எனக்கும் மருமகனுக்கும் ஒரு பழைய வழக்கு. அவன் இங்கிலாந்துக் காற்பந்து அணியான மான்செஸ்டர் சிட்டியின் ஆள். ஏழரை மணி ஆட்டம் தொடங்குமுன் பிளேன்டீயை ஊதிக்கொண்டே ஆரம்பிப்பான். 2022-23 பிரீமியர் லீக்கில் சிட்டியின் எர்லிங் ஹாலண்ட் 35 ஆட்டத்தில் 36 கோல், ஹரி கேன் 38 ஆட்டத்தில் 30 கோல். "இதில கதைக்க என்ன இருக்கு மாமா? எது பெரிசு?"

36தான் பெரிசு. ஆனால் பாரம் கூடியது 30 என்பது என் கட்சி.

அந்த வருடம் கேன் ஆடிய டொட்டென்ஹாம் எட்டாவது இடம். ஒரே சீசனில் மூன்று பேர் பயிற்சியாளர் கதிரையில் இருந்தார்கள். அணி மொத்தமாக அடித்தது 70 கோல், அதில் 30 கேனுடையது. நூற்றுக்கு 43. சிட்டி 94 அடித்தது, ஹாலண்டின் பங்கு நூற்றுக்கு 38. பெனால்டியைக் கழித்தால் ஹாலண்டுக்கு 29, கேனுக்கு 25. ஆறு கோல் வித்தியாசம் நாலாகச் சுருங்கிவிடும். அதோடு ஹாலண்டுக்குப் பின்னால் நின்றவர் அந்த லீக்கில் மட்டும் 16 கோலுக்குப் பந்து கொடுத்த டி புருய்ன். ஹாலண்ட் கோலுக்கு முன்னாலுள்ள பெனால்டிப் பெட்டிக்குள் சரியான இடத்தில் சரியான நேரத்தில் நின்றால் பாதி வேலை முடிந்தது. கேனோ நடுக்கோடு வரை இறங்கிப் பந்தை வாங்கி, ஓடுகிறவனுக்குத் தட்டிவிட்டு, மூச்சு வாங்க மறுபடி பெட்டிக்குப் போக வேண்டும். 2020-21இல் அவர் 23 கோல் அடித்து, 14 கோலுக்குப் பந்தும் கொடுத்து, இரண்டு பட்டியலிலும் முதலிடம் பிடித்தது அப்படி இறங்கி ஆடித்தான். முன்னால் ஓட அணித்தோழர் சொன் ஹியுங்-மின் இருந்தார்.

இன்னொரு கணக்கு மருமகனுக்குப் பிடிக்கவே பிடிக்காது. ஹாலண்ட் வருவதற்கு முந்தைய சீசனில் சிட்டி லீக்கில் அடித்தது 99 கோல். அணியில் கூடுதலாக அடித்தவர் டி புருய்ன், 15. ஹாலண்ட் வந்த பிறகு 94. குளத்துத் தண்ணீர் கூடவில்லை. பல வயலுக்குப் பிரிந்து பாய்ந்ததை ஒரே வாய்க்காலில் திருப்பிவிட்டார்கள்.

சரி, கேனை நல்ல வாய்க்காலில் விட்டால்? 2023-24இல் ஜெர்மனியின் பேயர்ன் மியூனிக் அணிக்குப் போனார். அந்த அணி லீக்கில் அடித்தது 94 கோல். கேன் 32 ஆட்டத்தில் 36. இரண்டு எண்ணும் சிட்டியில் ஹாலண்டுக்கு இருந்த அதே எண்கள்! ஜெர்மன் லீக்கில் முன்கள வீரருக்கு ஓட இடம் கொஞ்சம் அதிகம், அதை நான் மறுக்கவில்லை.

அங்கேதான் மருமகன் மடக்கினான். "சிட்டிக்கு வர முந்தி ஹாலண்ட் ஜெர்மன் அணி டோர்ட்முண்டில 67 லீக் ஆட்டத்தில 62 கோல். அங்க டி புருய்ன் ஆரு?" எனக்குப் பதில் வரவில்லை. டோர்ட்முண்டில் வெட்டவெளியில் ஓடி அடித்தவர், சிட்டியில் பத்துப் பேர் அடைத்து நிற்கும் பெட்டிக்குள்ளும் அடித்தார். எல்லாவற்றையும் அணியின் தலையில் கட்டிவிட முடியாது, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் கோல் பால்மர் என்ற வீரரைப் பாருங்கள். பெயரிலேயே கோல், சிட்டியிலிருந்தபோது லீக்கில் ஒரு கோல்கூட இல்லை. மாரெஸ், போடன், பெர்னார்டோ சில்வா என்று முன்னால் வரிசை நின்றது. கிடைத்தது பெரும்பாலும் மாற்று வீரராகக் கடைசி நிமிடங்கள். 2023 செப்டெம்பரில் செல்சி அணி அவரை எடுத்தது. அந்த சீசன் 22 கோல், அதில் 9 பெனால்டி, கூடவே 11 கோல் உதவி. ஒரு கோடைக்குள் அவருடைய கால் மாறிவிடவில்லை. நிமிடங்கள் கிடைத்தன, பெனால்டிப் பந்தும் கைக்கு வந்தது.

இந்த வழக்கு கடைசியில் எங்கள் கழகத்துக்கே வந்தது. முன்கள வீரர் ஒருவர் தேவைப்பட, இரண்டு பையன்களைப் பார்த்தோம். ஒருவன் பலமான அணி, கோல் நிறைய, பெனால்டியும் அவனே. மற்றவனுடைய அணியில் பந்து நடுக்கோட்டைத் தாண்டுவதே அபூர்வம். நான் கொப்பியை மூடிவிட்டுக் கடற்கரையோர மைதானத்தில் இரண்டாமவனை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். பந்து வராத நேரத்திலும் மணலில் குதிகால் புதையப் புதையப் பின்கள வீரரின் முதுகுப்பக்கம் வளைந்து ஓடுவான். கை தூக்குவான், பந்து வராது, திரும்பி நடப்பான், மறுபடி ஓடுவான். ஒருமுறை பந்து வந்தது. முதல் தொடுகையிலேயே திரும்பிவிட்டான்.

அவனைத்தான் எடுத்தோம். முதல் ஆட்டத்தில் கோல் இல்லை. மருமகன் கழகக் கொப்பியில் அவன் பெயருக்கு நேரே ஒரு சைபரை, கோழிமுட்டை அளவில், பெரிதாகப் போட்டு வைத்திருக்கிறான்.