8051-க்கு சி கம்பைலர்: காசு கொடுத்ததா, சும்மா கிடைப்பதா, சிப்பையே மாற்றுவதா?

குளச்சல் பக்கம் விசைப்படகுத் தடை ஜூலை 31-ஓடு முடியும். அதற்குள் அங்குள்ள ஐஸ் பிளாண்ட் ஒன்றுக்கு, உப்புநீர்த் தொட்டியின் வெப்பநிலையைக் காட்டி கம்ப்ரசரை ஓட்டவும் நிறுத்தவும் செய்கிற போர்டு வேண்டும். அதில் இருப்பது 8051 வகை மைக்ரோகன்ட்ரோலர் சிப், நான் சி மொழியில் எழுதும் நிரலை அந்தச் சிப்புக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தருவது கம்பைலர். ஜூலை பாதியில் என் பழைய கம்ப்யூட்டர் படுத்தது, விண்டோஸ் 11 போட்ட புதியதில், காசு கொடுத்து வாங்கிய கம்பைலரின் லைசென்ஸ் டாங்கிளை (சொருகினால்தான் கம்பைலர் ஓடும், சாவி மாதிரி) சொருகினால் அப்படியொன்று இருப்பதாகவே அது காட்டவில்லை.

கம்பைலர் கம்பெனிக்குப் புகார் டிக்கெட் போட்டேன். நான்காம் நாள் பதில்: "டாங்கிளைக் கழற்றி மறுபடி சொருகிப் பாருங்கள்." அதைச் செய்து பார்த்துவிட்டேன் என்று முதல் மெயிலிலேயே எழுதியிருந்தேன். எட்டாம் நாள், பராமரிப்பு ஒப்பந்தம் காலாவதியாகிவிட்டது, புதுப்பித்தால் பார்க்கிறோம் என்றார்கள். இதைச் சொல்ல எட்டு நாளா? இங்கே பிளாண்ட்காரர் தினமும் போன்: "மக்களே, நாளைக்காவது தருவியா?"

கோபத்தை ஒதுக்கிவைத்துச் சொன்னால், கம்பைலர் என்ற அளவில் காசு கொடுத்ததுதான் மேல். நான் போடுவது ஏடி89எஸ்52 என்ற 8051 வகைச் சிப், நிரல் உட்கார மொத்தம் 8 கே.பி. ஃபிளாஷ், 256 பைட் ராம். என் நிரல் அதில் தாராளமாக உட்கார்ந்தது, சிப் இல்லாமலே நிரலை கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கும் சிமுலேட்டரும் நன்றாக இருக்கும். ஆனால் டாங்கிள் அடம்பிடித்தால் நம் சொந்த நிரலையே நம்மால் கம்பைல் செய்ய முடியாது.

அடுத்தது எஸ்.டி.சி.சி. என்ற கம்பைலர். இலவசம், மூல நிரலும் திறந்தே கிடக்கிறது. (பரவலாகப் புழங்கும் இலவச கம்பைலரான ஜி.சி.சி.யில் 8051 கிடையாது, அதனால் இலவசம் என்றால் இதுதான்.) மாற்றும் வேலை பார்க்கச் சின்னது: ரிஜிஸ்டர், பிட், இன்டரப்ட் சொற்களுக்கு முன்னால் இரண்டு அடிக்கோடு, கூடவே முகவரி எழுதும் விதம். ஒரு சாயங்காலத்தில் முடித்துவிட்டேன், ஆனால் டைமர் இன்டரப்ட் (குறித்த நேரத்துக்கு ஒருமுறை மற்ற வேலையை நிறுத்திவிட்டு ஓட வேண்டிய பகுதி) ஓடவே இல்லை, எர்ரரும் இல்லை. இன்டரப்ட் ஃபங்ஷனின் ப்ரோட்டோடைப் (அதை முன்கூட்டி அறிவிக்கும் வரி), நிரல் தொடங்கும் மெயின் ஃபங்ஷன் இருக்கும் ஃபைலுக்குத் தெரிந்தாக வேண்டுமாம். கையேட்டில் தெளிவாக எழுதியிருக்கிறது, படிக்காதது என் தப்பு.

அப்புறம் எல்.சி.டி.யில் வெப்பநிலை வரவேண்டிய இடத்தில் 'நோ ஃப்ளோட்' என்று வந்தது. 8051-க்கு எஸ்.டி.சி.சி. தரும் வழக்கமான பிரின்ட்எஃப் (எழுத்தையும் எண்ணையும் காட்டும் ஃபங்ஷன்), தசம எண்ணை அச்சிடாது. லைப்ரரியை மறுபடி கம்பைல் செய்தால் வரும், ஆனால் இடத்தைத் தின்னும், எஸ்.டி.சி.சி.யில் ஏற்கெனவே 8 கே.பி.யைத் தொட்டுக்கொண்டிருந்தேன். பத்தால் பெருக்கி முழு எண்ணாக வைத்து, புள்ளியை நானே போட்டேன். பூஜ்யத்துக்கும் மைனஸ் ஒன்றுக்கும் நடுவே மைனஸ் குறி காணாமல் போனது, அதைத் தனியாகக் கவனிக்க வேண்டியிருந்தது. கூடவே பிரின்ட்எஃப்பின் சின்ன வடிவத்துக்கு மாறினேன், இடம் மிச்சமானது. எல்லாம் தொல்லைதான், ஆனால் ஒவ்வொன்றுக்கும் பதில் அன்றைக்கே கிடைத்தது, யாருடைய அனுமதிக்கும் காத்திருக்கவில்லை.

மூன்றாவது வழி, 8051-ஐ விட்டுவிட்டு, எஸ்.டி.எம்.32எஃப்030 மாதிரி ஏ.ஆர்.எம். என்ற வேறு குடும்பச் சிப்புக்குப் போவது. ஜி.சி.சி. இருக்கிறது, சந்தேகம் கேட்டால் சொல்ல ஊர்ப்பட்ட ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் அது 3.3 வோல்ட், என் போர்டு முழுக்க 5 வோல்ட். பி.சி.பி.யை (சர்க்யூட் பலகையை) புதிதாகப் போட வேண்டும், ஜூலை கடைசியில் அது நடக்கிற காரியமா?

இந்த போர்டு எஸ்.டி.சி.சி.யில் போனது. அடுத்த டிசைன் ஏ.ஆர்.எம்.தான். காசு கொடுத்த கம்பைலருக்கு நான் ஒப்பந்தம் புதுப்பிக்கவில்லை. நீங்கள் புதுப்பிக்கப் போகிறீர்கள் என்றால், பணம் கட்டும் முன் ஒரு டெக்னிக்கல் கேள்வி அனுப்பி, எத்தனையாவது நாளில் அதைப் படித்துப் பார்த்த ஆள் பதில் போடுகிறார் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.