பெயின்டைப் பார்க்காதீர்கள், வாரைப் பாருங்கள்: பழைய பிரிட்டிஷ் பிராம்களை நெடுநாள் வைத்திருப்பது பற்றி

பிராம் என்ற பெரிய குழந்தை வண்டியின் கைப்பிடியில் இரண்டு விரலை வைத்து மெல்ல அழுத்தினால் பெட்டி மட்டும் முன்னும் பின்னும் அசையும், சக்கரம் நகராது. தூளி ஆட்டிப் பழகிய கைக்கு உடனே பிடிபடும் அசைவு. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: பெட்டி, சக்கரங்கள் மாட்டிய அடிச்சட்டமான சேசிஸின் மேல் உட்காரவில்லை, தொங்குகிறது. சி வடிவ ஸ்பிரிங்குகளின் நுனியிலிருந்து இறங்கும் தோல்வார்கள்தான் அதைத் தாங்குகின்றன. குதிரை வண்டி கட்டிய கைவேலை அப்படியே குழந்தை வண்டிக்கு வந்ததால் இந்த ரகத்துக்கு 'கோச் பில்ட்' என்று பெயர்.

சேகரிப்பவர்கள் அதிகம் தேடும் பெயர் சில்வர் கிராஸ். 1877-ல் வில்லியம் வில்சன் லீட்ஸ் நகரில் தொடங்கியது. அடுத்து லெட்ச்வொர்த்தின் மார்மெட், ட்ரை-ஆங் பொம்மைகள் செய்த லைன்ஸ் பிரதர்ஸின் பெடிகிரி. குழந்தையைப் பிராமில் படுக்கவைத்து, காற்றாட வாசலில் நிறுத்திவிட்டு அம்மா வீட்டுவேலை பார்த்த காலத்து வண்டிகள் இவை. ஒரு அறைகலனின் கனத்தோடு கட்டினார்கள், மடக்க வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. 1965-ல் ஓவன் மெக்லாரன் என்ற விமானப் பொறியாளர் குடைபோல் மடங்கும் அலுமினியத் தள்ளுவண்டிக்கு ('பக்கி') காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். எடை மூன்று கிலோவுக்கும் குறைவு. பேருந்திலும் காரிலும் அதை ஏற்றலாம் என்றான பிறகு பெரிய பிராம் மெல்லத் தெருவைவிட்டு விலகியது. இன்று ஏக்கத்தோடு வாங்குபவர்களில் பலரும் அதில் படுத்துத் தூங்கியவர்கள், அல்லது தம்பி தங்கையை அதில் வைத்துத் தள்ளியவர்கள்.

ஏக்கத்தோடு வாங்குவதில் ஒரு ஆபத்து உண்டு. கண் முதலில் பெயின்டுக்குப் போகும், பளபளவென்று இருந்தால் கை பணப்பைக்குப் போகும். பல வருஷம் வைத்திருந்து பார்த்தால் பெயின்ட் கடைசிக் கவலை. வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்க்க அனுமதிக்காத விற்பனையாளரிடம் வாங்காமல் வந்துவிடுவது நல்லது.

முதல் பிராம் வாங்குபவருக்கு அலுமினியப் பெட்டிதான் சரி. போருக்குப் பிந்தைய சில்வர் கிராஸ்கள் பலவும் அப்படித்தான். நெளியும், ஆனால் துருப்பிடிக்காது. இரும்பு ரிவெட் அலுமினியத்தைத் தொடும் இடங்களில் மட்டும் ஈரம் சேர்ந்து வெள்ளைப் பொடி பூக்கும், பெயின்ட் கொப்பளிக்கும். கொப்புளம் காசு அளவுக்குள் இருந்தால் பயப்பட வேண்டாம். பிளைவுட் பெட்டி பார்க்க அழகு. ஆனால் ஈரம் விளிம்பு வழியாக ஏறி அடுக்குகளைப் பிரிக்கும், உள்ளே தைத்திருக்கும் லைனிங் அதை மறைத்துவிடும். பெட்டியின் அடி மூலைகளை விரல் மூட்டால் தட்டிப் பாருங்கள். நல்ல மரம் 'டக்' என்று கேட்கும், பிரிந்தது 'பொத்' என்று கேட்கும். வாசனையும் காட்டிக்கொடுக்கும்.

இனி வார்கள். தோல் வெளியில் நன்றாகத்தான் தெரியும். ஸ்பிரிங் நுனியைச் சுற்றி வளையும் இடத்திலும், கொக்கி ஊசி நுழையும் துளையிலும்தான் வெடிக்கும். வாரை வளைத்து உட்பக்கம் பார்த்தால் சிலந்தி வலைபோல் கீறல் இருக்கும். கீறல் ஆழமாக இருந்தால் எண்ணெய் போட்டு ஏமாற வேண்டாம், மாற்ற வேண்டியதுதான்.

வண்டி ஒரு பக்கம் சாய்ந்தால் சமதளத்தில் நிறுத்தி, தரையிலிருந்து பெட்டியின் கீழ் விளிம்பு வரை நான்கு மூலையிலும் அளவெடுங்கள். வித்தியாசம் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டினால், தாழ்ந்த பக்கத்து வாரையும் எதிர்ப்பக்கத்து வாரையும் இடம் மாற்றிக் கட்டி மறுபடி அளக்க வேண்டும். சாய்வு வாரோடு சேர்ந்து இடம் மாறினால் குற்றம் வாரில். சாய்வு அதே இடத்தில் நின்றால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, அல்லது சேசிஸ் வளைந்திருக்கிறது. இந்தச் சோதனையைச் செய்யாமல் நான்கு வாரும் மாற்றிவிட்டு, பிறகும் சாய்கிறதே என்று நிற்பவர்கள் அதிகம்.

மாற்றுவதற்குத் தாவரப் பதனிட்ட தோல் வேண்டும், 4 மில்லிமீட்டர் கனம் போதும். நான்கும் ஒரே தோலிலிருந்து, விலங்கின் முதுகெலும்பு ஓடும் திசையில் வெட்ட வேண்டும், அந்தத் திசையில்தான் இழுவை குறைவு. வயிற்றுப் பக்கத் தோல் மலிவாகக் கிடைக்கும், சில மாதத்தில் நீண்டுவிடும். பழைய நான்கில் குறைவாகத் தேய்ந்த ஒன்றை மட்டும் மாதிரியாக எடுங்கள். ஒவ்வொன்றையும் அதனதன் பழைய வாரைப் பார்த்து வெட்டினால் பழைய சாய்வையும் சேர்த்துத்தான் நகல் எடுப்பீர்கள். துளையை வட்டமாக வெட்டும் 'பஞ்ச்' கருவியால் போட வேண்டும். ஆணியால் குத்திய துளை அங்கிருந்தே கிழியத் தொடங்கும். மாற்றும்போது பெட்டிக்கு அடியில் மரக்கட்டை முட்டுக்கொடுத்து, ஒரு நேரத்தில் ஒரு வாரை மட்டும் கழற்றுங்கள். புதுத்தோல் முதல் சில வாரங்களில் கொஞ்சம் நீளும், அப்போது கொக்கியை ஒரு துளை இறுக்கிக்கொள்ளலாம். பராமரிப்புக்கு வருஷத்துக்கு ஒருமுறை தோலுக்கான பூச்சுத் தைலம் (பால்ம்) மெல்லிசாகத் தடவினால் போதும். எண்ணெயில் ஊறவைத்த வார் மிருதுவாகும், கூடவே நீளவும் செய்யும்.

சக்கரம் பல மாடல்களில் அச்சுமூடிக்குப் பின்னால் இருக்கும் சிறிய ஸ்பிரிங் பிடியை அழுத்தினால் கழன்றுவிடும். பல வருஷம் கழற்றாதது என்றால் பழைய கிரீஸ் கட்டியாகிப் பிடித்திருக்கும். ஸ்போக்ஸைப் பிடித்து இழுக்கக் கூடாது. துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஒரு இரவு வைத்து, மறுநாள் நடுக்குடத்தைப் பிடித்துத் திருகியபடி வெளியே எடுக்க வேண்டும். எந்தச் சக்கரம் எந்தப் பக்கம் என்று கழற்றும் முன்பே சீட்டு ஒட்டிவிடுங்கள், ஒவ்வொன்றும் தன் அச்சுக்கேற்பத் தேய்ந்திருக்கும். மண்ணெண்ணெயில் துடைத்து, மெல்லிய மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு. கிரீஸ் வேண்டாம், தெருமண்ணைப் பிடித்துவைக்கும்.

இந்தச் சக்கரங்களில் பெரும்பாலானவற்றில் ஸ்போக்ஸ் ரிம்மில் நிலையாகப் பொருத்தப்பட்டவை. சைக்கிள்போல ஸ்போக்ஸ் முனையிலுள்ள சிறு மரையான நிப்பிளைத் திருகிக் கோட்டம் எடுக்க முடியாது. அதனால் மற்றதெல்லாம் நன்றாக இருந்தாலும், ஒரு சக்கரம் கோணியோ காணாமலோ இருந்தால் விலை பாதியாக இருந்தாலும் யோசிக்க வேண்டும். மாடலுக்கு மாடல் அளவு மாறும், ஒற்றைச் சக்கரம் தேடி அலைவது பெரும்பாடு.

டயர் கட்டி ரப்பர். மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் தரையைத் தொடும் பகுதி தட்டையாகி, தள்ளும்போது 'தட் தட்' என்று அடிக்கும். மாதம் ஒருமுறை கால்வட்டம் உருட்டிவையுங்கள், இல்லையென்றால் அச்சுக்கு அடியில் கட்டை கொடுங்கள். மாற்று ரப்பர் மீட்டர் கணக்கில் கிடைக்கிறது. வாங்கும் முன் ரிம் பள்ளத்தின் அகலத்தை அளங்கள், பெரும்பாலும் 12 முதல் 16 மில்லிமீட்டருக்குள் இருக்கும். உள்ளே கம்பி ஓடும் ரகமானால் ரப்பரைச் சுற்றளவைவிடச் சில சென்டிமீட்டர் கூடுதலாக வெட்ட வேண்டும். அதை நெருக்கிப் பின்தள்ளி, கம்பியின் இரு முனையையும் இணைத்துவிட்டு விட்டால் ரப்பர் தானாக விரிந்து இடைவெளியை மூடும். சரியான அளவில் வெட்டினால் முதல் குளிரிலேயே இணைப்பில் வாய் பிளக்கும். கம்பி இல்லாத ரகத்துக்கு இதற்கு நேர்மாறு: கொஞ்சம் குறைத்து வெட்டி, முனைகளை ஒட்டி, இழுத்து மாட்ட வேண்டும். டயரை அழுத்திப் பிடிக்கும் பிரேக் உள்ள வண்டியில் டயர் தேய்ந்தால் பிரேக்கும் தளரும். டயரை மாற்றிவிட்டுப் பிரேக்கைச் சரிபார்க்காமல் சரிவில் நிறுத்த வேண்டாம்.

பெட்டியின் மேல் விரியும் மூடியான ஹூட் பெரும்பாலும் நாம் சொல்லும் ரெக்சின்தான். அது உண்மையில் மான்செஸ்டர் அருகே ஹைட் ஊரில் தயாரான செயற்கைத் தோலின் வணிகப் பெயர். துணிமேல் செல்லுலோஸ் நைட்ரேட் பூசியது, எளிதில் தீப்பற்றும். அந்தப் பழைய பூச்சு மடிப்பில் வெடித்து உதிரும். பிந்தைய வினைல் வேறு மாதிரி சாகும்: மிருதுவாக்கும் பொருள் வெளியேறிப் பிசுபிசுக்கும், பிறகு விறைக்கும். எதுவானாலும் ஹூட்டை மடித்துவைத்துச் சேமிக்காதீர்கள், விரித்தே வையுங்கள். பெட்ரோலும் தின்னரும் படவே கூடாது, வெதுவெதுப்பான நீரில் கொஞ்சம் சோப்பு போதும். குளிர்காலத்தில் விறைத்த ஹூட்டை மடிக்கும் முன் சூடான அறையில் அரைமணி நேரம் விடுங்கள். பக்கத்துக் குரோம் கைகளின் முழங்கை மூட்டு சட்டென்று மடங்கும், விரல் சிக்கினால் சதை கிழியும். குழந்தைகளை எட்ட நிறுத்திவிட்டு மடக்குங்கள்.

குரோமில் புள்ளித் துரு இருந்தால் அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் போதும். இரும்பு நார் கீறிவிடும். துடைத்து உலர்த்தி மெழுகு பூச வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஈரக்காலத்தில் அதே இடத்தில் திரும்ப வரும். பெட்டியின் பக்கவாட்டில் ஓடும் மெல்லிய கோடு கையால் தூரிகை பிடித்து இழுத்தது. உராயும் பாலிஷ் போட்டால் இரண்டு வருஷத்தில் அந்தக் கோடு போய்விடும். உராயாத மெழுகுதான் போட வேண்டும். முழு ரீபெயின்ட் செய்து 'புதுசாக்கியது' என்று விற்கும் வண்டியைவிட, கீறலோடு பழைய கோடு மிஞ்சிய வண்டிக்குக் கூடுதல் கொடுக்கலாம்.

குழந்தையை வைத்துத் தள்ளலாமா? வீட்டுக்குள் கண் பார்வையில் சிறிது நேரம் என்றால்கூட மூன்று வேலை முடிந்திருக்க வேண்டும். 1970-களுக்கு முந்தைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், பரிசோதனைக் கிட்டால் பார்த்துக்கொள்ளுங்கள். ஈயம் இருந்தால் உலர்நிலையில் உப்புத்தாள் போடவே கூடாது. குதிரைமுடியோ பொடிந்த ஃபோமோ அடைத்த பழைய மெத்தையைத் தூக்கிப்போட்டுவிட்டு அளவாகப் புதிது செய்துகொள்ளுங்கள். உள்ளே பெல்ட் மாட்டும் வளையங்களை இழுத்துப் பாருங்கள், திருகு மரத்தில் பிடிப்பில்லாமல் சுழலும். தினசரித் தெருப்பயன்பாட்டுக்கு இன்றைய பாதுகாப்புத் தரத்தில் வந்த வண்டியே சரி. உட்காரும் வயதுக் குழந்தை முன்னால் எட்டிக் குனிந்தால் இந்தப் பிராம்கள் கவிழக்கூடியவை.

கராஜில் வைப்பதானால் பிளாஸ்டிக் உறை வேண்டாம், பழைய பருத்திப் படுக்கைவிரிப்பு போதும். பிளாஸ்டிக்குக்குள் இரவில் நீர் வியர்க்கும், வாரும் குரோமும் ஒரே குளிர்காலத்தில் போய்விடும். மெத்தையும் அடிப்பலகைகளும் தனியே வீட்டுக்குள் இருக்கட்டும். அந்த அடிப்பலகைகள் வாங்கும்போதே இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள், நடுப்பலகைதான் அடிக்கடி தொலைந்திருக்கும். கையோடு டேப் எடுத்துப் போய் அச்சின் அகலத்தையும் அளந்துவிடுங்கள். இது மடங்காது, வீட்டு வாசல் நிலையும் அகலாது.