மதுரையை எப்படிச் சொல்லி அனுப்புவது: வீடியோவா, நேரலையா, தபாலா?

மதுரையில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் "வெளிநாட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நம்ம ஊரை அறிமுகப்படுத்துங்க" என்று சொல்லிப் பாருங்கள். மணி அடிப்பதற்குள் பட்டியல் தயாராகிவிடும். மீனாட்சியம்மன் கோயில், திருமலை நாயக்கர் மகால், மல்லிகை, ஜிகர்தண்டா, சித்திரைத் திருவிழா. கொஞ்சம் வாசிக்கிற பிள்ளை ஒன்று இருந்தால், 1921 செப்டம்பரில் காந்தி அரையாடைக்கு மாறியது இங்கேதான் என்பதும் கீழடியும் சேர்ந்துகொள்ளும்.

எல்லாமே சரியான தகவல்தான். ஆனால் ஒசாகாவில் இருக்கும் ஒரு மாணவி இதையெல்லாம் தன் கைப்பேசியிலேயே தேடிப் படித்துக்கொள்வாள். இதைச் சொல்ல நம் வகுப்பு எதற்கு? சிம்மக்கல்லில் பஸ் மாறும்போது என்ன நடக்கும், சத்துணவில் முட்டை போடும்போது வரிசை எவ்வளவு நீளும், அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் வீட்டுக்கு எத்தனை சொந்தக்காரர்கள் வந்து படுத்துக்கொள்வார்கள் என்பதெல்லாம் அந்தப் பிள்ளை சொன்னால்தான் உண்டு. அதனால் எந்த வழி செலவு குறைவு, எது பார்க்க அழகு என்பதையெல்லாம் இரண்டாம் இடத்தில் வைத்திருக்கிறேன். எந்த வழி பிள்ளையை அந்தப் பட்டியலிலிருந்து வெளியே இழுக்கிறது என்பதே இந்த ஒப்பீட்டில் என் அளவுகோல்.

பதிவு செய்த வீடியோ

இப்போது பள்ளிகள் அதிகம் விரும்புவது இதைத்தான். காரணமும் புரிகிறது. நேர வித்தியாசம் தொல்லை இல்லை. இணையம் பாதியில் நின்றாலும் பதற வேண்டாம். அதே வீடியோவை ஆண்டு விழாவிலும் போட்டுக் காட்டலாம், தலைமையாசிரியருக்கும் திருப்தி.

என் கணக்கில் இது கடைசி இடம். சரளமாக ஆங்கிலம் பேசும் நாலு பேர் முன்னால் நிற்பார்கள். மீதி வகுப்பு பின்னால் நின்று கடைசியில் ஒரே குரலில் 'வெல்கம் டு மதுரை' என்று கத்தும். பேசும் வரிகளைப் பெரும்பாலும் ஆசிரியர்தான் எழுதியிருப்பார். பிள்ளை தன் சொந்தத் தெருவைப் பற்றிச் சொல்லும்போதுகூட பேச்சுப்போட்டிக் குரல் வந்துவிடும். அந்தப் பக்கம் இருப்பவர்களும் பார்த்துவிட்டு 'மிக அருமை' என்று பதில் போடுவார்கள். அதோடு முடிந்தது. கேள்வி வராது, ஏனென்றால் கேள்விக்கு அந்த வீடியோவில் இடமே விடவில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே உள்ள எல்லோரையும் குழந்தையாகத்தான் கணக்கில் எடுக்கிறது. அவர்களுடைய தகவலைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. சட்டத்தை விடுங்கள். நாற்பது முகங்கள், சீருடை, பள்ளிப் பெயர்ப்பலகை எல்லாம் இருக்கும் ஒரு கோப்பு நம் கையை விட்டுப் போனபின் யார் யாரிடம் சுற்றும் என்று யாரால் சொல்ல முடியும்?

வீடியோ எடுத்தே தீர வேண்டும் என்றால் பேச்சை எடுத்துவிடுங்கள். வீட்டு வாசலிலிருந்து பள்ளி வாசல் வரை, முகம் காட்டாமல், ஒரு நிமிடம். ஷேர் ஆட்டோ ஹாரன், பூக்கட்டும் அம்மாவின் பேச்சு, ரயில்வே கேட் மணி என்று எது இருக்கிறதோ அது. அதைப் பார்த்தால் அந்தப் பக்கப் பிள்ளைக்குக் கேட்க ஏதாவது தோன்றும்.

நேரலை அழைப்பு

முதலில் கடிகாரத்தைப் பார்த்துவிடலாம், ஆசைகள் பாதி அங்கேயே அடங்கிவிடும். அமெரிக்காவின் கிழக்குக் கரை நமக்குப் பத்தரை மணி நேரம் பின்னால், கோடையில் ஒன்பதரை. அவர்கள் காலை ஒன்பது மணிக்கு வகுப்பில் உட்காரும்போது நமக்கு மாலை ஆறரையோ ஏழரையோ ஆகியிருக்கும். அரசுப் பள்ளியில் அந்நேரம் வாட்ச்மேன்தான் இருப்பார். பிரிட்டன் பரவாயில்லை: நம் மதியம் இரண்டரை அவர்களுக்குக் குளிர்காலத்தில் காலை ஒன்பது, கோடையில் பத்து. ஜப்பான் மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுவதால் நம் காலைப் பாடவேளையும் அவர்களுடைய மதியப் பாடவேளையும் அழகாகப் பொருந்தும். மலேசியா இன்னும் வசதி, இரண்டரை மணி நேரம்தான்.

சரி, நேரம் கிடைத்துவிட்டது. என்ன பேசுவது? 'வணக்கம், எங்கள் பள்ளியின் பெயர்...' என்று தொடங்கினால் அதுவும் பழைய வீடியோதான், இணையம் அறுந்து அறுந்து வரும் என்பது மட்டும் கூடுதல். இதற்கு ஆசிரியர்கள் கண்டுபிடித்த நல்ல வழி ஊர் கண்டுபிடிக்கும் விளையாட்டு. இரண்டு வகுப்பும் தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பதைச் சொல்லாது. ஆமாம், இல்லை என்று மட்டும் பதில் வரக்கூடிய கேள்விகளைக் கேட்டு ஒருவர் ஊரை இன்னொருவர் கண்டுபிடிக்க வேண்டும். ஸ்கைப் பரவலாக இருந்த காலத்தில் உலகம் முழுக்க வகுப்பறைகளில் ஓடிய விளையாட்டு இது. ஸ்கைப் 2025 மே மாதத்தோடு மூடப்பட்டுவிட்டது, விளையாட்டு வேறு செயலிகளில் தொடர்கிறது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், கேள்வி எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. நாம் தயாரித்த பட்டியல் உதவாது. 'உங்கள் ஊர் கடற்கரையில் இருக்கிறதா?' இல்லை. 'பனி பெய்யுமா?' இல்லை. 'ஊருக்குள் ஆறு ஓடுகிறதா?' இங்கே மதுரை வகுப்பு இரண்டாகப் பிளந்துவிடும். வைகை ஊருக்கு நடுவே இருக்கிறது, அதில் சந்தேகமில்லை. ஓடுகிறதா என்று கேட்டால் எந்த மாதம் என்று சொல்ல வேண்டும். அழகர் இறங்குவதற்கே ஆண்டிபட்டிப் பக்கம் இருக்கும் வைகை அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடுகிறார்கள் என்பதை ஆமாம், இல்லை என்ற பதிலுக்குள் எப்படி அடைப்பது? பிள்ளைகள் தங்களுக்குள் சண்டை போட்டு ஒரு பதிலுக்கு வருவார்கள். அந்தச் சண்டைதான் நமக்கு வேண்டியது. ஊரைப் பற்றி அதுவரை யோசிக்காத ஒன்றை அந்த அரை நிமிடத்தில் யோசித்துவிடுகிறார்கள்.

குறையும் சொல்ல வேண்டும். மைக் அருகே இருப்பவர்களுக்கே பேச்சு. கடைசி பெஞ்ச் எட்டிப் பார்த்துக் கையாட்டுவதோடு சரி. எதிர்ப்பக்கம் ஆங்கிலமே தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைகள் என்றால் நம் பிள்ளைகள் பலர் வாயைத் திறக்கவே மாட்டார்கள். ஜப்பானோ தாய்லாந்தோ என்றால் இரண்டு பக்கமும் ஆங்கிலத்தைத் தட்டுத்தடுமாறித்தான் பேசும், கூச்சம் பாதியாகக் குறையும். 'வெளிநாடு' என்றாலே லண்டன், அமெரிக்கா என்று நினைக்கும் பள்ளிகள் இதைக் கவனிக்கலாம்.

தபால்

பழைய வழி. ஆனால் பழமைப் பாசத்தால் இதை முதலிடத்தில் வைக்கவில்லை.

1924-இல் தெற்கு பிரான்ஸின் பார்-சுர்-லூ என்ற மலைக்கிராமத்தில் செலஸ்தென் ஃப்ரெனே என்ற ஆசிரியர் வகுப்பறைக்குள் ஒரு சின்ன அச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்தார். பிள்ளைகள் தாங்கள் பார்த்ததை எழுதி, தாங்களே எழுத்துக் கோத்து அச்சடித்தார்கள். அந்தத் தாள்கள் நாட்டின் இன்னொரு கோடியில், அட்லாண்டிக் கரையோரம் ரெனே டானியல் என்ற ஆசிரியர் நடத்திய பள்ளிக்குப் போயின. அங்கிருந்தும் வந்தன. மலைப் பிள்ளைகளும் கடலோரப் பிள்ளைகளும். பள்ளிகளுக்கிடையே கடிதப் பரிமாற்றம் என்ற வழக்கம் ஒரு கல்வி முறையாக வளர்ந்ததில் இந்த இரண்டு ஊர்களுக்கும் பெரிய பங்கு உண்டு. ஆசிரியர் எழுதித் தந்த பாடத்தை அவர்கள் அனுப்பவில்லை என்பதைக் கவனியுங்கள்.

தபாலின் முதல் நன்மை, நாற்பது பிள்ளைகளுக்கும் நாற்பது தாள். மைக் பிரச்சினை இல்லை. பேசக் கூச்சப்படும் பிள்ளை படம் வரையும். மதுரைக்கு இதில் ஒரு வசதியும் இருக்கிறது: ஊரின் வரைபடம் பன்னிரண்டு வயதுப் பிள்ளை வரையக்கூடியது. கோயிலுக்குள் ஆடி வீதி, அதைச் சுற்றிச் சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி. சதுரத்துக்குள் சதுரம். பெயர்களில் பெரும்பாலானவை மாதப் பெயர்கள். அந்தச் சதுரங்களை வரைந்து, 'இங்கே என் அப்பா கடை', 'இங்கே நான் டியூஷன் போகிறேன்' என்று புள்ளி வைத்தால் போதும், பட்டியலில் இருந்த அதே கோயில் இப்போது அந்தப் பிள்ளையின் ஊராகிவிடும்.

அப்புறம் பொருட்கள். சுங்குடித் துணியில் ஒரு கைக்குட்டை அளவு, பஸ் டிக்கெட், பழைய காலாண்டு வினாத்தாள், கடைக்காரர் கொடுத்த தினசரித் தாள் காலண்டரின் ஒரு தாள். ராகு காலமும் எமகண்டமும் அச்சடித்த அந்தத் தாள் ஒன்றே பல கடிதங்களுக்குக் கேள்வி கொண்டுவரும். தின்பண்டம், விதை, காய்ந்த பூ எதையும் வைக்காதீர்கள். தாவரப் பொருட்களில் ஆஸ்திரேலியாவும் ஜப்பானும் மிகக் கறார்.

ஆக, மல்லிகையை அனுப்ப முடியாது. இதை நான் குறையாக நினைக்கவில்லை. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற பூ என்று ஒரு வரியில் முடித்துவிட்டுப் போக முடியாமல், பிள்ளை அதை விவரித்தாக வேண்டும். மொட்டாகவே பறிப்பது, மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் கிலோ கணக்கில் விற்பது, சாதாரண நாளில் சில நூறு ரூபாய்க்குப் போவது தை முகூர்த்தத்தில் ஆயிரங்களைத் தாண்டுவது, அன்று வீட்டில் ஒரு முழத்தோடு நிறுத்திக்கொள்வது. இவ்வளவும் தெரிந்த பிள்ளை வகுப்புக்கு இரண்டு பேராவது இருப்பார்கள். வீடியோவில் அவர்களுக்குப் பேச வாய்ப்பே கிடைத்திருக்காது.

தபாலின் பலவீனம் வேகம் மட்டும் அல்ல, கல்வியாண்டு. நமக்கு ஜூனில் தொடங்குகிறது, ஜப்பானில் ஏப்ரலில், அமெரிக்காவில் ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ, ஆஸ்திரேலியாவில் ஜனவரிக் கடைசியில். பிப்ரவரியில் நாம் ஆற அமர எழுதி அனுப்பும் கடிதம் ஜப்பானில் வகுப்பு கலையும் நேரத்தில் போய்ச் சேரும். ஜூலைக் கடைசியில் அனுப்பினால் அங்கே கோடை விடுமுறை. இங்கே செப்டம்பரில் காலாண்டு, டிசம்பரில் அரையாண்டு, அந்த நாட்களில் எந்த ஆசிரியரும் உறையை எடுத்துப் பார்க்க மாட்டார். பதில் வராத கடிதம் பிள்ளைகளைச் சோர வைக்கும், அதுவும் நாற்பதில் முப்பது பேருக்கு மட்டும் பதில் வந்தால் இன்னும் மோசம். எனவே தனித்தனி ஜோடி சேர்க்காமல், வகுப்புக்கு வகுப்பு என ஒரே உறையில் அனுப்புவது நல்லது. பெயரில் முதல் பெயர் மட்டும், முகவரியில் பள்ளி முகவரி மட்டும்.

தபாலுக்குள்ளேயே ஒரு கிளை உண்டு: காகிதப் பொம்மையை அனுப்புவது. கனடாவின் ஒன்டாரியோவில் ஓர் ஆசிரியர் 1995-இல் தொடங்கிவைத்தது. பொம்மை விருந்தாளியாக வரும், அதை ஊர் சுற்றிக் காட்டிக் குறிப்பு எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். மூன்றாம், நான்காம் வகுப்புக்கு அருமை. ஏழாம் வகுப்பில் கேலி செய்வார்கள்.

இணையத் தளங்கள்

இவற்றைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1988-இல் நியூயார்க் மாநிலப் பள்ளிகளையும் மாஸ்கோ பள்ளிகளையும் கணினி வழியே இணைத்த முயற்சியிலிருந்து வளர்ந்த ஐயர்ன் (iEARN) என்ற அமைப்பு இன்றும் நடக்கிறது, துணைப் பள்ளி தேட நல்ல இடம். பள்ளிகளை இணைக்கும் ஐரோப்பாவின் இ-ட்வின்னிங் 2005-இலிருந்து இருக்கிறது, ஆனால் அது அவர்கள் வட்டாரத்துக்கானது. பிள்ளைகள் குட்டி வீடியோ போட்டுப் பதில் வாங்கிய ஃப்ளிப் தளத்தை 2024-இல் தனித் தளமாக நடத்துவதை நிறுத்திவிட்டார்கள். துணை தேடத் தளத்தைப் பயன்படுத்துங்கள். பிள்ளைகளின் எழுத்தை அங்கே மட்டும் வைக்காதீர்கள்.

யாரோடு?

வழியைவிட இது முக்கியமோ என்றுகூடச் சில நேரம் தோன்றும். மலேசியாவில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்த் தொடக்கப் பள்ளிகள் வார நாட்களிலேயே நடக்கின்றன. டொரன்டோ, லண்டன் தமிழ்ப் பள்ளிகள் பெரும்பாலும் வார இறுதியில். மலேசியப் பள்ளியோடு என்றால் நம் ஐந்தாம் வகுப்பே தமிழில் தாராளமாகப் பேசலாம், ஆங்கிலக் கூச்சம் கிடையாது. மைக்குக்கு அடிதடி நடக்கும். ஆனால் ஒரு எச்சரிக்கை: 'நாமெல்லாம் தமிழர்' என்று இரண்டு பக்கமும் பெருமை பேசி, பொங்கல் கோலத்தோடு முடிந்துவிடும் ஆபத்து இதில் அதிகம். சாப்பாட்டில் தொடங்கினால் தப்பிக்கலாம். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கியதே மதுரை மாநகராட்சிப் பள்ளி ஒன்றில்தான். புதன்கிழமை பொங்கலைப் பற்றி நம் பிள்ளைகள் சொல்லட்டும், பள்ளிக் கேன்டீனில் காசு கொடுத்து வாங்கும் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றைப் பற்றி அவர்கள் சொல்லட்டும். ஜப்பானோடு என்றாலும் சாப்பாடு கைகொடுக்கும்: அங்கே பல பள்ளிகளில் பிள்ளைகளே வகுப்பறையில் பரிமாறி, சாப்பிட்டு, அப்புறம் பள்ளியைப் பெருக்கவும் செய்கிறார்கள். இதைக் கேட்டால் நம் வகுப்பில் 'எங்க ஸ்கூல்ல யாரு பெருக்குறது' என்று ஒரு கேள்வி கிளம்பும். கிளம்பட்டும்.

என் தேர்வு: ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை தபால் முதலில், நேரலை பிறகு. பத்தாம் வகுப்புப் பக்கமே போகாதீர்கள், பொதுத்தேர்வு இருக்கும் வீட்டில் யாரும் ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட மாட்டார்கள். ஜூன் மூன்றாம் வாரத்தில் உறை கிளம்பிவிட வேண்டும். அதில் நம் அறிமுகம் பாதி இருந்தால் போதும், மீதி அவர்களிடம் நாம் கேட்கும் கேள்விகளாக இருக்கட்டும். பதில் உறை வந்தபின், அக்டோபரிலோ நவம்பரிலோ ஒரே ஒரு நேரலை. அன்று மைக்கைக் கடைசி பெஞ்சிலிருந்து தொடங்குங்கள்.