கர்ப்பப்பை வாய் பரிசோதனை, எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையம்: ஐந்துக்கு நான்கு

ஓட்டலுக்கு ரிவ்யூ எழுதுகிறோம், மிக்சிக்கு எழுதுகிறோம், ஆன்லைனில் வாங்கிய நைட்டி சாயம் போனால்கூட நாலு வரி எழுதி வைக்கிறோம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்கும் இந்தப் பரிசோதனைக்குப் போய் வந்த ஒருத்தி எப்படி இருந்தது என்று எழுதியிருக்கிறாளா என்று தேடினால், "அச்சம் தவிர்ப்போம்" வகை போஸ்டர் வாசகங்கள்தான் வருகின்றன. எனக்கு வேண்டியிருந்தது வேறு. எந்த அறை, யார் செய்வார்கள், எவ்வளவு நேரம், வலிக்குமா, சேலையை முழுக்கக் கழற்ற வேண்டுமா. அதைத்தான் எழுதுகிறேன்.

என்னைப் பற்றி: வயது 42. ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் ஒரு கமிஷன் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். பிள்ளைகள் இரண்டு பேர், இரண்டும் சுகப்பிரசவம். ஊசி, ரத்தம் எதற்கும் பயப்படும் ஆள் இல்லை. ஆனால் "கீழே செக் பண்ணணும்" என்று யாராவது சொன்னால் மட்டும் கால் இரண்டும் தானாக ஒட்டிக்கொள்ளும்.

அதற்குக் காரணம் உண்டு. சின்னவன் பிறந்து கொஞ்ச நாளில் வெள்ளைப்படுதல் என்று ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போயிருந்தேன். என்ன செய்யப்போகிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லாமல், படுக்க வைத்து, சில்லென்ற இரும்பை வைத்துவிட்டார்கள். நான் துள்ளினேன். "இதுக்கே இப்படின்னா ரெண்டு புள்ளைய எப்படிம்மா பெத்த?" என்று டாக்டரம்மா கேட்க, பக்கத்தில் நின்ற நர்ஸ் சிரித்தார். வலி அன்றைக்கே போய்விட்டது. அந்தச் சிரிப்பு போகவில்லை. நம் ஊரில் பெண்கள் இந்த மாதிரி பரிசோதனைக்கு வருவதில்லை என்று குறைபடுகிறவர்கள், முதலில் இந்த ஒரு கேள்வியை மருத்துவமனைகளில் தடை செய்யட்டும்.

இன்னொரு பயம் முடிவைப் பற்றியது. "தேடிப் போனா இல்லாததும் வந்துரும்" என்பது என் அம்மாவின் கட்சி. எங்கள் தெருவில் வெள்ளைப்படுதல் என்று போய்க் கர்ப்பப்பையையே எடுத்துவிட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். உள்ளே விட்டால் எதையாவது கண்டுபிடித்து ஆபரேஷன் தேதி குறித்துவிடுவார்கள் என்ற எண்ணம் எனக்கும் இருந்தது.

இனி சேவைக்கு வருகிறேன். பிபி, சுகர் பார்க்கத்தான் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். தொற்றா நோய்ப் பிரிவில் இருந்த ஸ்டாஃப் நர்ஸ், "அக்கா, முப்பது தாண்டியாச்சு, கர்ப்பப்பை வாய் டெஸ்ட் எடுத்திருக்கீங்களா?" என்றார். இன்னொரு நாள் வருகிறேன் என்றேன். எல்லோரும் சொல்கிற பதில்தான் போல. அவர் வற்புறுத்தவும் இல்லை, கேன்சர் படம் காட்டிப் பயமுறுத்தவும் இல்லை. பீரோவைத் திறந்து அந்தக் கருவியை எடுத்து, "இதுதான்க்கா, கையில வாங்கிப் பாருங்க" என்று கொடுத்தார்.

வாத்து மூக்கு மாதிரி இருந்தது. ஸ்பெகுலம் என்று பெயர். அதில் குத்துகிற மாதிரி எதுவும் இல்லை, வெட்டுகிற மாதிரியும் எதுவும் இல்லை. மூடியபடி உள்ளே போகும், கொஞ்சம் விரியும், உள்ளே கர்ப்பப்பை வாய் தெரியும், அவ்வளவுதான் அதன் வேலை. மூன்று அளவில் வைத்திருந்தார். "உங்களுக்குச் சின்னதே போதும். நடுவுல வேணாம்னு தோணினா கையைத் தூக்குங்க, நிறுத்திருவேன்" என்றார். பத்து வருடமாக மனதில் நான் வளர்த்து வைத்திருந்த சாமான் இதைவிடப் பல மடங்கு பெரியது. பயம் பாதி அங்கேயே இறங்கிவிட்டது. யாராவது "பயப்படாதீங்க" என்று நூறு தடவை சொல்லியிருந்தாலும் இது நடந்திருக்காது.

போவதற்கு முன் அவர் சொன்னவை: மாதவிலக்கு நாட்களில் வேண்டாம். முந்தின இரண்டு நாள் கணவன் மனைவி சேர வேண்டாம், உள்ளே வைக்கிற மாத்திரை, மருந்து எதுவும் கூடாது. வந்ததும் பாத்ரூம் போய்விட்டுப் படுக்க வேண்டும். சேலையோ நைட்டியோ உடுத்தி வந்தால் நல்லது. இந்தக் கடைசி விஷயம் தங்கமான யோசனை. சுடிதாராக இருந்தால் பேன்ட்டைக் கழற்றிவிட்டு இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லாமல் நடக்க வேண்டும். சேலையில் உள்ளாடையை மட்டும் எடுத்தால் போதும், படுத்த பிறகு முட்டி வரை தூக்கிக்கொள்ளலாம், மேலே ஒரு துணியும் போர்த்திவிடுகிறார்கள். கூச்சம் பாதி குறைந்துவிடும்.

பரிசோதனைக்குப் போன அன்றைக்கு எதிர்வீட்டு அக்காவையும் கூட்டிக்கொண்டு போனேன். துணைக்குத்தான். அங்கே போனதும் அவரும் எடுத்துக்கொண்டார்.

அறையில் அந்த சிஸ்டர் மட்டும்தான். ஆண்கள் யாரும் இல்லை, உள்ளே தாழ்ப்பாள் உண்டு. மேசையில் படுத்து முட்டியை மடக்கினேன். ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டுத்தான் செய்தார். "இப்ப என் கை தொடையில படும்." "இப்ப கொஞ்சம் சில்லுனு இருக்கும், லேசா இருமுங்க." இருமும்போது அந்த இடம் தளர்ந்து கொடுக்கிறது. உள்ளே போனதே எனக்குச் சரியாகத் தெரியவில்லை. விரிக்கும்போது அழுத்தம் இருந்தது. வலி என்று சொல்ல மாட்டேன், அசௌகரியம். எதிர்வீட்டு அக்காவுக்கு மாதவிலக்கு நின்று வருகிற சமயம், அவருக்குக் கொஞ்சம் எரிச்சலாகவே இருந்ததாம். அதையும் சொல்ல வேண்டும் இல்லையா.

அப்புறம் பஞ்சில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தொட்டு வைத்தார். ஐந்து சதவீதத்துக்கு மேல் போகாத அளவு. நம் சமையலறை வினிகரும் அதே சரக்குதான். ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். மாற்றம் அடைந்த செல்கள் இருந்தால் அந்த இடம் வெள்ளையாகத் திட்டுப் போல் தெரியும், இல்லையென்றால் இளஞ்சிவப்பாகவே இருக்கும். அந்த ஒரு நிமிடம்தான் எனக்கு நீளமாக இருந்தது. கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தவளிடம், "அக்கா, இன்னைக்கு மார்க்கெட்ல தக்காளி பெட்டி என்ன ரேட்டு?" என்று கேட்டார். நான் ரேட்டைச் சொல்லி, அது ஏன் இறங்கியது என்று விளக்கி, போன வாரத்தோடு ஒப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, "முடிஞ்சுதுக்கா, எந்திரிங்க" என்றார். இடையில் அயோடினும் தடவிப் பார்த்திருக்கிறார். அதில் இயல்பான இடம் கரும்பழுப்பாக மாறும், சந்தேகமான இடம் மஞ்சளாக நிற்கும். அடுத்த நாள் வரை பழுப்பாகக் கொஞ்சம் கசியும், ஒரு நாப்கின் கொண்டு போங்கள்.

மொத்தமே ஐந்து நிமிடத்துக்குள். முடிவும் அங்கேயே: நெகட்டிவ். கட்டணம் இல்லை.

எதிர்வீட்டு அக்காவுக்கு வெள்ளைத் திட்டு தெரிந்தது. சிஸ்டர் அதைச் சொன்ன விதத்துக்குத் தனியாக மதிப்பெண் கொடுக்கலாம். "இது கேன்சர்னு அர்த்தம் இல்லைக்கா. புண்ணு, தொற்று இருந்தாலும் வெள்ளையாத் தெரியும். பெரிய ஆஸ்பத்திரியில லென்ஸ் வச்சுப் பார்ப்பாங்க" என்று சொல்லி அரசு மருத்துவமனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அங்கே அந்த லென்ஸ் பரிசோதனையை (கால்போஸ்கோப்பி) செய்து, சின்னத் துணுக்கு எடுத்து அனுப்பினார்கள். வெறும் அழற்சி என்று வந்து, மாத்திரையோடு முடிந்தது. முன்நிலை மாற்றமாகவே இருந்திருந்தாலும், அந்த இடத்தை மட்டும் உறைய வைத்தோ சுட்டோ எடுத்துவிடுவார்களாம். அதற்காகக் கர்ப்பப்பையை எடுப்பது வழக்கம் இல்லை. என் பழைய பயத்துக்கு அதுதான் பதில்.

இந்த முறையை அரசு ஆஸ்பத்திரியின் மலிவுப் பதிப்பு என்று நினைக்க வேண்டாம். இதை உலகத்துக்கு நிரூபித்துக் காட்டியதில் எங்கள் திண்டுக்கல் மாவட்டத்துக்கே பங்கு உண்டு. 2000-இல் தொடங்கி, அம்பிளிக்கை மருத்துவமனையும் சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனமும் சேர்ந்த ஒரு பெரிய ஆய்வு இங்கே நடந்தது. 30 முதல் 59 வயது வரையான பெண்களுக்கு, பயிற்சி பெற்ற நர்ஸ்கள் இதே அசிட்டிக் அமிலப் பரிசோதனையை ஒரு தடவை செய்தார்கள். செய்யாத ஊர்களோடு ஒப்பிட்டபோது, இந்தப் புற்றுநோயால் இறப்பது 35 சதவீதம் குறைந்திருந்தது. 2007-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. என் சித்தி அப்போது போய் வந்தவர். "ஏதோ கேம்ப்புன்னாங்க, போனோம்" என்பதற்கு மேல் அவருக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. உலகமே படித்த ஆராய்ச்சியில் தான் இருந்தோம் என்று சொன்னால், "அப்படியா, டீ கூட ஊத்தல" என்கிறார்.

இவ்வளவு இருந்தும், 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் இந்தப் பரிசோதனையை எப்போதாவது செய்துகொண்டவர்கள் 9.8 சதவீதம்தான். பத்தில் ஒருத்திகூட இல்லை. நாடு முழுக்க எடுத்தால் இரண்டு சதவீதம்கூட இல்லை, அதனால் நாம் முன்னணியாம்! இத்தனைக்கும் இது மெதுவாக வரும் நோய். ஹெச்.பி.வி. வைரஸ் தொற்றி, அது போகாமல் தங்கி, புற்றுநோயாக மாற சாதாரணமாக 15, 20 வருடம் ஆகும். இடையில் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் முன்கூட்டியே பிடித்துவிடலாம். அந்த வைரஸ் கல்யாணமான யாருக்கும் வரக்கூடியதுதான், அதில் நடத்தையைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை.

சரி, குறைத்த ஒரு மதிப்பெண். ஓ.பி. ஹாலில் நாற்பது பேர் உட்கார்ந்திருக்க, "கர்ப்பப்பை டெஸ்ட்டுக்கு வந்தவங்க யாரு?" என்று சீட்டுப் பதிகிறவர் சத்தமாகக் கேட்டார். என் பெரியப்பா மகன் மருந்து வாங்கும் வரிசையில் நின்றுகொண்டிருந்தான். ஒரு டோக்கன் நம்பரைக் கூப்பிட்டால் போதாதா? அதோடு, இந்தப் பரிசோதனை முழுக்க அந்த ஒரு சிஸ்டரை நம்பித்தான் நடக்கிறது. அவர் லீவு என்றால் அன்றைக்குக் கிடையாது. போன் செய்து கேட்கவும் வழி இல்லை.

இன்னும் ஒன்று. இந்த முறை பார்ப்பவரின் கண்ணை நம்பியது. மாதவிலக்கு நின்று போன பெண்களுக்குப் பார்க்க வேண்டிய இடம் உள்ளே ஏறிக்கொள்வதால், இதில் சரியாகத் தெரியாது. அவர்கள் பாப் ஸ்மியரோ ஹெச்.பி.வி. பரிசோதனையோ எடுப்பதே நல்லது என்று சிஸ்டரே சொன்னார். பாப் ஸ்மியரில் செல்லை வழித்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள், முடிவு வரும் வரை காத்திருக்க வேண்டும். ஹெச்.பி.வி. பரிசோதனையைத்தான் உலக சுகாதார நிறுவனம் இப்போது முதலில் பரிந்துரைக்கிறது. அதில் குச்சியை நாமே உள்ளே விட்டு மாதிரி எடுத்துக் கொடுக்கும் வசதியும் உண்டு. அது எங்கள் ஊர் சுகாதார நிலையத்துக்கு வந்தால், மேசையில் படுக்கவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும் என் நாத்தனார்கூட வந்துவிடுவாள். அது வரும் வரை இது இருக்கிறது.

எனக்கு அடுத்த தடவை ஐந்து வருடம் கழித்து. அதற்குள் இடையில் ரத்தம் பட்டாலோ, சேர்ந்த பிறகு ரத்தம் வந்தாலோ, நாற்றத்தோடு வெள்ளைப்பட்டாலோ காத்திருக்காமல் டாக்டரைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

போகிறவர்களுக்கு: கர்ப்பிணிகள் செக்கப் நாளன்று போகாதீர்கள், கூட்டம் தாங்காது, அந்த அறையும் கிடைக்காது. மற்ற நாட்களில் பதினோரு மணி வாக்கில் ஓ.பி. கொஞ்சம் அடங்கும், சிஸ்டருக்கும் பேச நேரம் இருக்கும். ஆதார் எடுத்துப் போங்கள். கருவியை முதலில் காட்டச் சொல்லிக் கேளுங்கள்; எங்கள் ஊரில் கேட்காமலே காட்டுகிறார்கள், உங்கள் ஊரில் கேட்டால்தான் காட்டுவார்களோ என்னவோ.