அல்பரின்யோ: கடலோரமா, மலைப்பக்கமா?

அல்பரின்யோ ஒயின் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் "ஸ்பெயினா, போர்ச்சுகலா?" என்றுதான் கேட்கிறார்கள். மின்யோ ஆற்றுக்கு வடக்கே, ஸ்பெயினின் கலீசியாவில் இந்த வெள்ளைத் திராட்சை அல்பரின்யோ. தெற்கே போர்ச்சுகலில் அல்வரின்யோ. என்னைக் கேட்டால், நாட்டை விட்டுவிட்டு, தோட்டம் கடலுக்கு எவ்வளவு பக்கம் என்று பாருங்கள்.

கடலோரம் என்றால் வால் தோ சல்நேஸ். ரியாஸ் பைஷாஸ் என்ற கலீசிய ஒயின் பகுதியின் ஐந்து வட்டாரங்களில் குளிர்ச்சியும் ஈரமும் மிகுந்தது இதுதான். அட்லாண்டிக் மழை விடாமல் பெய்கிற ஊர். பூஞ்சை பிடிக்காமலிருக்க, கருங்கல் தூண் நட்டு ஆளுயரத்துக்குப் பந்தல் போட்டுக் கொடியேற்றுகிறார்கள். அடியில் காற்று தாராளமாக ஓடும். பறிக்கிறவர்கள் கையைத் தூக்கித்தான் குலையை வெட்ட வேண்டும். இந்த ஒயினில் முதலில் எலுமிச்சைத் தோல் வாசம், அடுத்து சுரீரென்ற புளிப்பு, விழுங்கிய பிறகு நாக்கின் ஓரத்தில் லேசான உப்புக்கரிப்பு. சிப்பி, நண்டு, வேகவைத்த ஆக்டோபஸ் என்று கலீசியர்கள் எதைச் சாப்பிட்டாலும் பக்கத்தில் இது இருப்பதில் ஆச்சரியமே இல்லை. கம்பாடோஸ் ஊரில் 1953 முதல் இதற்கென்றே ஆகஸ்ட் திருவிழா நடக்கிறது.

ஆற்றின் தென்கரையில், உள்ளே தள்ளி இருக்கிறது மொன்சாவ்-மெல்காசு. கடல் காற்றை மலைகள் மறித்துவிடுவதால் கோடையில் பகல் நன்றாகக் காயும், இரவு குளிரும். பழம் முழுசாகப் பழுத்தும் புளிப்பு குறைவதில்லை. பீச், ஆரஞ்சுப் பூ மணம். வாயை நிறைக்கும் திண்மை. தடித்த தோல் தரும் மெல்லிய துவர்ப்பு. ஆனால் இந்தப் பகுதி வினோ வெர்தே என்ற போர்ச்சுகல் ஒயின் பகுதியின் எல்லைக்குள் வருகிறது. மலிவான, லேசாக நுரைக்கிற ஒயின் என்று அந்தப் பெயருக்கு ஒரு முத்திரை விழுந்துவிட்டது. அதை வைத்து அல்வரின்யோவையும் ஒதுக்குவது பெரிய அநியாயம். மெல்காசுவில் 1974இல் கொடி நட்டுத் தொடங்கிய சுவால்யெய்ரு பண்ணையின் ஒயினை ஒருமுறை குடித்தால் அந்த எண்ணம் போய்விடும்.

இனி, நாட்டுக் கணக்கு எங்கே உதைக்கிறது என்று பாருங்கள். மொன்சாவுக்கு நேர் எதிர்க்கரையில் இருக்கும் கொந்தாதோ தோ தேயா ஸ்பெயினைச் சேர்ந்தது, ரியாஸ் பைஷாஸ் பெயரில்தான் விற்கிறது. ஆனால் அதுவும் கடலிலிருந்து உள்ளே தள்ளி, வெயிலில் விளைவது. சுவையில் சல்நேஸைவிட மெல்காசுவுக்கே நெருக்கம்.

தூர தேசங்களைப் பொறுத்தவரை, ஆஸ்திரேலியப் புட்டிகளில் மட்டும் கவனம் தேவை. அங்கே அல்பரின்யோ என்று நட்டு விற்றுவந்தது உண்மையில் சவன்யான் என்ற வேறு திராட்சை என்று 2009இல் மரபணுச் சோதனை காட்டிவிட்டது. அதற்கு முந்தைய புட்டிகளை வைத்து இந்தத் திராட்சையை எடைபோடக் கூடாது. கலீசியர்கள் நிறையப் பேர் குடியேறிய உருகுவேயிலோ கடலோரத் தோட்டங்களில் நன்றாகவே வருகிறது.

மீன் வறுவலோடு இன்றே திறக்க வேண்டுமென்றால் சல்நேஸ்தான். 8 டிகிரிக்குக் குளிரவைத்து, சமீபத்திய அறுவடையின் புட்டியாக வாங்குங்கள். ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் மெல்காசுவைத்தான் எடுப்பேன். நல்ல பண்ணையினுடையது ஐந்தாறு வருடம் தாங்கும். அதற்குள் தேன் வாசம் ஏறியிருக்கும். அதை அவ்வளவு குளிரவைக்காதீர்கள், 11 டிகிரி போதும்.