தர்மபுரியில் ஆட்டிசம் பரிசோதனை: டி.இ.ஐ.சி. மையம் எப்படி?

அரசின் டி.இ.ஐ.சி. (மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு) மையத்தில் 18 வயது வரை ஆட்டிசம் பரிசோதனை இலவசம். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் என்று எதிர்பார்க்காதீர்கள்; ஆட்டிசத்தை அவை காட்டாது. ஆட்டிசத்தை மதிப்பிடும் இந்திய அளவுகோலான ‘ஐசா’வில் (ISAA) 40 அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 மதிப்பெண். மொத்தம் 70-க்குக் கீழே என்றால் ஆட்டிசம் இல்லை, 70–106 லேசானது, 107–153 மிதமானது, அதற்கு மேல் தீவிரம். பெயர் சொன்னால் பிள்ளை திரும்புகிறதா, பொம்மைக் காரை ஓட்டாமல் சக்கரத்தை மட்டும் சுற்றிக்கொண்டிருக்கிறதா என்று கவனிப்பார்கள்.

காது பரிசோதனையை முதலிலேயே முடித்துவிடுங்கள். காது மந்தமான பிள்ளையும் கூப்பிட்டால் திரும்பாதே! மதியத் தூக்க நேரத்தில் கூட்டிப்போனால், பிள்ளை ஒத்துழைக்காமல் மதிப்பெண் தவறாக எகிறலாம். பகலில் பார்த்துக்கொள்ளும் பாட்டியும் வரட்டும். அம்மாவுக்குத் தெரியாதது அவருக்குத் தெரியும். வீட்டில் எடுத்த இரண்டு நிமிட வீடியோ பெரிய உதவி. பத்தே நிமிடத்தில் முடிவு சொன்னால், எந்த இடமானாலும் இன்னொருவரிடம் காட்டுங்கள்.